தம்பியின் மொட்டைப் படங்கள்

தம்பிக்குப் பழனியில் மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு வந்த மறுநாள் காலையில், அந்த விசேஷத்தின் படங்கள் அத்தனையையும் என் தாய்மாமன் ஒரே ஒரு பொத்தானை அழுத்தி ஒழித்துக்கட்டினார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று சொல்லிவிட முடியாது. கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் மறுக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. கேமராவிலிருந்து கார்டை உருவி லேப்டாப்பில் செருகினார். அது ஒரு பெட்டியைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. மாமா 'யெஸ்' என்றார். இன்னொரு பெட்டி வந்து, யோசித்துத்தான் சொல்கிறாயா என்கிற மாதிரி கேட்டது. அதற்கும் 'யெஸ்'. பிறகு திறந்து பார்த்தால் கார்டில் ஒன்றுமே இல்லை.

"எத்தன படம்லே வந்துருக்கு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். மாமா பதில் பேசவில்லை. அவர் பதில் பேசவில்லை என்றால் ஏதோ ஒரு சாமான் செத்துவிட்டது என்று எங்கள் வீட்டில் அர்த்தம். அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

மாமாவுக்குப் பிழைப்பு ஜீப் ஓட்டுவது. பள்ளங்கி மலைக்கிராமத்தில் எங்களோடுதான் இருந்தார். கொடைக்கானலுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டு வருவார். மற்ற நேரமெல்லாம் திருப்புளியும் கையுமாகத்தான் இருப்பார். மலையில் பனி மூட்டம் ஓயாமல் இருப்பதால் கேமரா லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதற்காக ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிட்டு, கேமராவை அதற்குள் படுக்க வைத்திருப்பார். லேப்டாப்பும் அவர் தேற்றியதுதான். மதுரையில் யாரோ எடைக்குப் போட்டதை வாங்கி வந்து, நாலைந்து மாதம் நோண்டி உயிர் கொடுத்திருந்தார். பேட்டரி உப்பிப்போய்க் கழற்றி எறிந்தாயிற்று. ஒயர் மாட்டியிருக்கும் வரைக்கும்தான் அதற்கு மூச்சு. ஆனால் சூடு மட்டும் அபாரம். மழைக்காலத்தில் தம்பியின் சாக்ஸை அம்மா அதன் ஓரத்தில்தான் காயப்போடுவாள்.

இப்படிப்பட்டவர் கையால் படம் போய்விட்டது என்றால் கேட்கணுமா? அம்மா பிடித்த பிடியில் மாமா சுவரோடு ஒண்டிவிட்டார். அவளுடைய ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா குவைத்தில் இருந்தார். தம்பி பிறக்கும் முன்பே போனவர், பிள்ளையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்தக் கேமராவையே அவர்தான், தான் எடுத்துக்கொண்ட நாலைந்து படங்களோடு அங்கிருந்து கொடுத்தனுப்பியிருந்தார். மொட்டைக்கு முன்னால் சுருட்டை முடியோடு ஒன்று, கத்தி வைக்கும்போது ஒன்று, சந்தனம் பூசிய பிறகு ஒன்று, மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும்போது ஒன்று என்று போனில் ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் குவைத்துக்குப் புறப்படுகிறார். அவர் கையில் படங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

"எடுத்த முடிய மறுபடி ஒட்டவா முடியும்? அந்த மனுசன் பிள்ளைய எப்படிலே பாப்பாரு?" என்றாள் அம்மா. மடியில் தம்பி, காதில் ரத்தம் காய்ந்து, மொட்டை மண்டையைத் தானே தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அழிச்சது எதுவும் அழியாதுக்கா. மேலாக்க மூடிக் கெடக்கும், அவ்வளவுதான். தோண்டி எடுக்க எங்கிட்ட சாப்ட்வேர் இருக்கு. இந்தக் கார்டு வாங்குன நாள்லருந்து எடுத்தது, அழிச்சது அம்புட்டையும் வரிசையா கொண்டாந்துரும். நீ வேணா பக்கத்துலயே ஒக்காந்து பாரு" என்றார். பாவம், அவர் வாயாலேயே சொன்னார்.

சொல்லி முடித்ததும் கரண்ட் போனது. அந்த வருஷங்களில் கரண்ட் வருவதுதான் சேதி, போவது சேதியே இல்லை. மாமா அசரவில்லை. ஜீப்பை வாசல் சரிவில் ஜன்னலை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, டயருக்குக் கல் கொடுத்தார். அதன் பேட்டரியில் சின்ன இன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி, ஒயரை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே இழுத்து லேப்டாப்பில் சொருகினார். எஞ்சின் ஓட ஓட ஜன்னல் கம்பிகள் கடகடவென்று ஆடின. லேப்டாப் விழித்துக்கொண்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர, அதற்குக் கீழே சின்னச் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. கடல் வந்தது. உயரமான கட்டடம் வந்தது. யாருடையதோ காரில் சாய்ந்து அப்பா நிற்கும் படம் வந்தது. அப்புறம், சுவரில் நாங்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அந்தப் படம் வந்தது. பெரிய மேசை, சுழல் நாற்காலி, சிவப்பு டை கட்டிக்கொண்டு அப்பா. அதைக் காட்டித்தான் என் அப்பா ஆபீசர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அம்மா மூச்சு விட்டாள். "வருதுலே, வருது" என்றாள்.

அடுத்த படத்திலும் அதே மேசை, அதே நாற்காலி, அதே சிவப்பு டை. ஆனால் உட்கார்ந்திருந்தது வேறு ஒருவர். அதற்கடுத்த படத்தில் ஒரு குண்டு மனிதர், டை தொப்பை மேல் ஏறிக் குட்டையாகிவிட்டது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மா, அப்பா டைய யார் யாரோ கட்டிருக்காங்க பாரு!" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. மாமாவும் சிரிக்கவில்லை. அதற்கடுத்த படம் மேலிருந்து மெல்ல இறங்கியது. முதலில் அந்த மேசை தெரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் நீலச் சட்டையும் நீலக் கால்சட்டையும் போட்டு, கையில் துடைப்பக் கட்டையோடு, காலடியில் வாளியோடு அப்பா நின்றார்.

திரை இருண்டது.

"ஏலே, என்னலே ஆச்சு?" என்று அம்மா கத்தினாள். ஒயர் லூசாகிவிட்டது என்றார் மாமா. ஒயர் லூசாகவில்லை. கீழே தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவர்தான் விரலால் சுண்டி இழுத்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் கால் விரலை அழுத்தி மிதித்தார். வலி உயிர் போயிற்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழக்கூட வரவில்லை. எந்தச் சாமான் செத்தபோதும் அவர் முகம் அப்படிப் போனதில்லை.

"மொதல்லருந்து ஓட்டு" என்றாள் அம்மா.

"இது தேறாதுக்கா. கார்டு அவிஞ்சிருச்சு. விட்ரு. மச்சாங்கிட்ட நானே சொல்லிக்கிறேன். என் மேல பழி போடு."

உடைந்த ரேடியோவைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், ஜெயிக்கப்போகும் நேரத்தில் கைகழுவுகிறார். எனக்கு வந்த கோபத்தில் அவர் டப்பாவையும் பல்பையும் தூக்கிப் பள்ளத்தில் வீசலாம் போலிருந்தது. அம்மா அவரைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "படத்துலயாவது பிள்ளைய அவரு பாக்க வேணாமாலே? அங்க அந்த மனுசனுக்கு வேற என்ன இருக்கு?" என்று சொல்லி அழுதாள். அழுகை என்றால் சத்தமில்லாத அழுகை. மாமா லேப்டாப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து ஜீப்பின் முகப்பை மூடத் தொடங்கியிருந்தது.

திடீரென்று மாமா எழுந்தார். "சரிக்கா, ஒரே ஒரு வழிதான் இருக்கு. பேட்டரி எறங்குது. யாராச்சும் ஜீப்புல ஒக்காந்து ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே இருக்கணும். காலை எடுத்தா எல்லாம் போச்சு. இவளுக்குக் கால் எட்டாது. நீதான் போகணும்."

எஞ்சின் சும்மா ஓடினாலே போதும், யாரும் மிதிக்க வேண்டியதில்லை என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அது எனக்கும் தெரியாது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அம்மா, எதற்கும் ஆயிரம் கேள்வி கேட்கிற அம்மா, ஒரு வார்த்தை பேசாமல் தம்பியை என் இடுப்பில் வைத்துவிட்டுப் போய் ஜீப்பில் ஏறினாள். ஏறி, ஸ்டீயரிங்கைத் தேர்வடம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் மிதியிலேயே ஜீப் உறுமிய உறுமலில் டயருக்குக் கொடுத்த கல் அரை அடி நகர்ந்தது. "கொறைக்கச் சொல்லுத்தா, கொறைக்கச் சொல்லு!" என்று மாமா அலறினார். நான் ஜன்னலுக்கு ஓடி, "அம்மா, கொற!" என்றேன். பனிக்குள் உறுமல் குறைந்தது.

பச்சைக் கோடு மறுபடி முதலிலிருந்து ஊர்ந்தது. நான் ஜன்னலுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூட்டச் சொல்லு, குறைக்கச் சொல்லு, பிரேக்கை விடாமல் பிடிக்கச் சொல்லு. ஓடுகிற ஓட்டத்தில் திரையையும் பார்த்தேன். வாளியோடு அப்பா வந்தார். கண்ணாடிக் கதவைத் துடைக்கும் அப்பா வந்தார். ஒரே தட்டைச் சுற்றி ஏழெட்டுப் பேரோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அப்பா வந்தார். சுவர் நிழலில் அட்டையை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கும் ஒருவர் வந்தார், அது அப்பாவின் கால்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் வாத்தியார்கள் உட்பட எல்லோரும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். ஆபீசிலும் அப்படி ஒரு நாள் போல, கழுவிவிட்டுச் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. மாமா ஒவ்வொரு படமாகத் தேர்ந்தெடுத்து அழித்துக்கொண்டே வந்தார். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். பள்ளங்கியில் சளி இல்லாத ஆள் யார் என்று நான் அதையும் விட்டுவிட்டேன்.

கடைசியில் தம்பி வந்தான். முழுச் சுருட்டை முடியோடு சிரித்தான். அடுத்ததில் கத்தியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அடுத்ததில் சந்தன மண்டை. அதற்கடுத்து மாமன் மடியில், வாயைப் பிளந்துகொண்டு, அண்ணாக்கு தெரிய ஓர் அழுகை. எல்லாம் வந்துவிட்டன. நான் குதித்தேன். மாமா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏத்தா, நீ என்ன பாத்த?"

"எல்லாந்தான்."

"நீ பாத்தது மொட்டைப் படம். வேற ஒண்ணும் பாக்கல. என்ன?"

தலையாட்டினேன். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. மாமா கேட்டால் தலையாட்டிவிடுவது வழக்கம்.

அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினாள். தலைமுடியெல்லாம் பனித்துளி. உள்ளே வந்து மொட்டைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு, "வேற ஒண்ணும் வரலையாலே?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. இவ்வளவுதான்."

"சரி. வெரசா போய்க் குடுத்துட்டு வா" என்றாள். மாமா பென்டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பனிக்குள் ஹாரனை அடித்தபடியே போனார். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்ததாகத் திரும்பி வந்து சொன்னார்.

அன்று ராத்திரி அப்பா போன் பண்ணினார். நான்தான் முதலில் எடுத்தேன். மொட்டை போட்ட கதை, தம்பி அழுத கதை எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தபோது, அப்பாவுக்கு ஒரு நல்லது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அப்பா, உங்க டைய யாரு கேட்டாலும் குடுக்காதீங்கப்பா. ஒரு குண்டு ஆளு கட்டி இழுத்து வச்சிருக்காரு. பிஞ்சிரும்" என்றேன்.

அப்பா மெதுவாக, "அத யாருத்தா பாத்தது? அம்மாவும் பாத்துச்சா?" என்று கேட்டார். மாமா கதவோரத்தில் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதில் சொல்வதற்குள் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். முதுகில் ஒன்று விழும் என்று ஒதுங்கினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"படமெல்லாம் குடுத்து விட்டாச்சுங்க. உங்க மகன் உங்கள மாதிரியே அழுகுறான்" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் ஒண்ணும் பாக்கலங்க, சின்னப்பிள்ள என்னத்தையோ ஒளறுது" என்றாள். அப்புறம், "ஏங்க, இந்த வருசத்தோட வந்துருங்க. போதும். இங்க பூண்டுக்காடு சும்மாதான் கெடக்கு. ரெண்டு பேரும் சேந்து பாப்போம். எனக்கு நீங்க வந்தா போதும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டை கட்டி, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரைப் போய்ப் பூண்டு பிடுங்கக் கூப்பிடுகிறாளே, அப்பாவின் வேலையைப் பற்றி இந்த அம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லையே என்று, மறுநாள் முழுக்க நான் அவளோடு பேசவில்லை.