உதயகலா வரைந்த மீசை

பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் வளர்பிறை சனசமூக நிலையம் இருக்கிறது. ஆறு வருடமாக அதன் செயலாளர் உதயகலா. பகலில் அவருக்குப் பிரதேச செயலகம் ஒன்றில் புள்ளிவிபர உத்தியோகத்தர் வேலை. எந்த ஊரில் எத்தனை ஆடு, எத்தனை கோழி, எத்தனை பரப்பு வெங்காயம் என்று வருகிற இலக்கங்களைக் கட்டி மேய்ப்பார். பின்னேரம் வீட்டுக்கு வந்தாலாவது இலக்கத்தை விடலாம்தானே? விடமாட்டார். கணவர் சுபாஸ்கரன் “அஞ்சு நிமிசத்திலை வாறன்” என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்து போனால், உண்மையில் எத்தனை நிமிடத்தில் திரும்புகிறார் என்று கலண்டரின் பின்பக்கத்தில் மூன்று மாதம் குறித்து வைத்தவர் அவர்.

“உங்கடை அஞ்சு நிமிசத்தை எல்லாம் வரிசையா அடுக்கினால் நடுவிலை நிக்கிறது நாற்பத்திரண்டு நிமிசம்” என்று ஒருநாள் சோறு போடும்போது சொல்லியிருக்கிறார்.

“சந்தியிலை சனம் மறிச்சுக் கதைக்கிறதையும் சேத்தெல்லோ எண்ணியிருக்கிறாய். அதைக் கழிச்சுப் பார்” என்றாராம் சுபாஸ்கரன்.

கழித்துப் பார்த்தார். முப்பத்தொன்பது வந்தது.

இப்படிப்பட்ட ஒருவர் ஆண்டு விழாவில் சும்மா இருப்பாரா? போன வருட விழாவில் பதினைந்து பேர் பேசினார்கள். உதயகலா மேடைக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று அழைப்பிதழின் வெறும் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், பிள்ளைகளின் நடனம் வரவேண்டிய நேரத்தில், ஒலிபெருக்கிக்காரர் தனக்கு வேறொரு இடத்தில் பூப்புனித நீராட்டு விழா இருக்கிறதென்று பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். முகமெல்லாம் பூச்சுப் பூசி, காலையிலிருந்து சலங்கை கட்டிக்கொண்டு நின்ற எட்டுப் பிள்ளைகளும் ஒரே சுருதியில் அழுதார்கள். தாய்மார் அழவில்லை. செயலாளரைத் தேடி வந்தார்கள்.

ஆகவே அடுத்த ஞாயிறு நிர்வாகக் கூட்டம். தலைவர் இளையதம்பி ஐயா இளைப்பாறிய தபாலதிபர். அவருடைய மீசை இரண்டு பக்கமும் கன்னத்தைக் கடந்து போய் நுனியில் மேலே சுருளும். அதற்கென்று ஒரு குட்டிச் சீப்பு சட்டைப் பையில் இருக்கும். விழாவில் அவர் பேசிய பொருள், இலண்டனிலிருந்து ஒரு கடிதம் பண்டத்தரிப்புக்கு வந்து சேருவது எப்படி என்பது. கடிதம் சூயஸ் கால்வாயைக் கடக்கும்போதே நாங்கள் இரண்டாவது தேத்தண்ணி குடித்து முடித்திருந்தோம்.

“பிள்ளை, கணக்கை வாசியும்” என்றார் தலைவர்.

“மொத்தம் நூற்று அறுபத்தெட்டு நிமிசம். பதினைஞ்சு பேர். சராசரி பதினொரு நிமிசம் ஐயா.”

“பாத்தியளோ! சராசரியா ஒவ்வொருத்தரும் பதினொரு நிமிசம். கூடத்தான். ஏழு நிமிசம் போதும். வாற வருசம் எல்லாரும் நாலு நிமிசம் குறைக்கவேணும். நானும் குறைக்கிறன். தலைவர் எண்டு சலுகை வேண்டாம்.”

எல்லோரும் நியாயம்தான் என்று தலையாட்டிய நேரத்தில் நிரோஜா கையை உயர்த்தினார். முன்பள்ளி ஆசிரியை. விழாவில் நன்றியுரை அவருடையது.

“ஐயா, நான் கதைச்சது மூண்டு நிமிசம். அதிலை நாலு நிமிசம் குறைக்கிறதெண்டால் எப்பிடி? ஒரு நிமிசம் சனத்திட்டைப் போய் நன்றியைத் திருப்பி வாங்குறதோ?”

தலைவர் யோசித்தார். “அதுக்கு ஒரு உபகுழு போடலாம்” என்றார்.

உபகுழு என்ற சொல்லைக் கேட்டதும் உதயகலா எழுந்து வெண்பலகைக்குப் போனார். சராசரி என்கிறது ஒரு பெரிய இலக்கம் வந்து விழுந்தால் அதன் பக்கம் சாய்ந்துவிடும், ஆட்களைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே நெட்டுக்கு ஒரு கோடு கீறினார். கோட்டுக்கு இடப்பக்கம் பத்துகள், பூச்சியத்திலிருந்து ஏழு வரை. வலப்பக்கம் ஒன்றுகள். பூச்சியத்துக்கு எதிரே 3, 4, 4, 5, 5, 6, 6, 7, 7, 8, 8, 9 என்று பன்னிரண்டு இலக்கங்கள் நெருக்கமாக நின்றன. ஒன்றுக்கு எதிரே 1, 2, அதாவது பதினொன்றும் பன்னிரண்டும். அந்தப் பன்னிரண்டு நிமிடம் என்னுடைய வாழ்த்துரை, மறைக்க விரும்பவில்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் வெறுமை. அடியில் ஏழுக்கு எதிரே தனியாக ஒரு 3.

“உதுக்குப் பேர் என்ன பிள்ளை?” என்று கேட்டார் ஏரம்பு அண்ணை. வெங்காயமும் புகையிலையும் செய்பவர். நிலையத்தின் மூத்த நிர்வாகி. விழாவில் நான்கே நிமிடம் பேசியவர்.

“தண்டு இலை வரைபு அண்ணை. இஞ்சாலை இருக்கிறது தண்டு. அங்காலை இருக்கிறது இலை.”

ஏரம்பு அண்ணை கிட்டப் போய்ப் பலகையை மேலும் கீழும் பார்த்தார். தோட்டத்துக்காரன் பார்க்கிற பார்வை.

“நடுத்தண்டிலை ஒரு இலையும் இல்லை. அடியிலை மட்டும் ஒண்டு நிக்குது. உது புழு. சாம்பலும் வேப்பெண்ணெயும் அடிச்சுப் பாத்தியளோ?”

“அண்ணை, அது எழுபத்து மூண்டு நிமிசம்.”

“எத்தினை நாளெண்டாலும் இப்பவே அடிச்சால் காப்பாத்தலாம்” என்றார் அவர்.

உதயகலா பலகையை அழித்தார். ஒரு மூச்சு எடுத்தார். பிறகு நிலத்தில் காலடி வைத்து, வெண்கட்டியால் ஓர் எட்டுக்கு ஒன்றாகக் கோடு போட்டார். ஓர் எட்டு பத்து நிமிடம். ஒரு பேச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. பத்து நிமிடத்துக்குக் குறைந்த பேச்சுகள் பன்னிரண்டு. முதல் கட்டத்தில் பன்னிரண்டு கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினோம். கூரையைத் தொடுகிற மாதிரி நின்றது. இரண்டாம் கட்டத்தில் இரண்டு கதிரை. அதற்குப் பிறகு வெறும் நிலம். ஆறாம் கோட்டோடு மண்டபமே முடிந்து வாசற்படி வந்துவிட்டது. உதயகலா கடைசிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி, முற்றத்தில் எட்டாம் கட்டம் விழுந்த இடத்தில், கொய்யா மரத்தடியில் வைத்தார்.

“பள்ளிக்கூடத்திலை வலையுரு வரையம் எண்டு படிச்சனாங்கள். இப்ப வடிவா விளங்குதோ? கூட்டம் எங்கை நிக்குது, ஆர் தனிய நிக்கினம் எண்டு?”

தலைவர் வாசலில் நின்று பார்த்தார். அதற்குள் ஒரு கோழி அந்தக் கதிரையில் ஏறியிருந்தது.

“அது என்ரை கதிரையோ?”

“ஓம் ஐயா.”

“நல்ல காத்து வாற இடம்” என்றார் தலைவர் மனநிறைவோடு. “எனக்கு உள்ளை புழுக்கம் ஒத்துவராது எண்டு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு.”

நிரோஜா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். நான் கதிரை அடுக்கின் பின்னால் போனேன்.

உதயகலாவுக்குக் கோபம் வந்தால் குரல் மெலியும். அப்போது மெலிந்திருந்தது. மறுபடி பலகைக்குப் போய்ப் படுக்கையாக ஒரு கோடு கீறி நிமிடங்களைக் குறித்தார். ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒரு பெட்டி. அதன் உள்ளே ஏழில் ஒரு குறுக்குக் கோடு. பெட்டியின் இடப்பக்கத்தில் மூன்று வரையும் வலப்பக்கத்தில் பன்னிரண்டு வரையும் இரண்டு கோடுகள் இழுத்தார்.

“நடுப்பாதிப் பேச்சுகள் இந்தப் பெட்டிக்குள்ளை. குறுக்குக் கோடுதான் நடு ஆள், ஏழு நிமிசம். சராசரி பதினொண்டு எண்டுது. ஆனா பதினொரு நிமிசத்துக்கு மேலை கதைச்சது ரெண்டே ரெண்டு பேர். ரெண்டு பக்கமும் இழுத்திருக்கிறது மீசை. இதுக்குப் பேர் பெட்டி மீசை வரைபு.”

எல்லோருடைய கண்ணும் பலகையிலிருந்து தலைவரின் முகத்துக்குப் போய், மறுபடி பலகைக்கு வந்தது. அப்போதுதான் நானும் கவனித்தேன். பெட்டியை மூக்கென்று வைத்துக்கொண்டால் சாயல் அப்படியே இருந்தது.

“ஆற்றை மீசை?” என்றார் தலைவர்.

“ஒருத்தற்றையும் இல்லை ஐயா, அது வரைபின்ரை பேர்—”

“ஒரு பக்கம் கட்டையா இருக்கு. என்ரை ரெண்டு பக்கமும் ஒரே அளவு.” சீப்பை எடுத்துக் காட்டினார். “நாற்பது வருசமா அளந்து வெட்டுறன்.”

“ஐயா, நீங்கள் மீசையிலையே இல்லை!” என்று உதயகலா சொல்லிவிட்டார். சொன்ன வேகத்தில் பலகையின் மறுகோடிக்கு நடந்து, எழுபத்து மூன்றில் ஒரு நட்சத்திரம் போட்டார். “பெட்டியின்ரை நீளத்திலை ஒண்டரை மடங்கு தள்ளிப் போனால் மீசையிலை சேக்கிறேல்லை. தனிய நட்சத்திரம் போட்டு விடுறது. இந்த நட்சத்திரம்தான் நீங்கள்.”

“நட்சத்திரம்?”

“ஓம். இதை ஒருக்கா வடிவாப் பாருங்கோ எண்டுதான் அதின்ரை கருத்து.”

“வடிவாத்தான் இருக்கு!” என்றார் தலைவர். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. “பதினைஞ்சு பேரிலை ஒரு நட்சத்திரம். சரி, நாலு நிமிசம் குறைக்கிற தீர்மானத்தைக் கைவிடுவம். நட்சத்திரத்தை மங்கப் பண்ணக்கூடாது.”

கூட்ட அறிக்கையில் அன்று பதிவானது இதுதான்: தலைவரின் உரை நட்சத்திர உரை என ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எழுதியவர் செயலாளர் உதயகலா. எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் தலையிடிக்கு இரண்டு பனடோல் போட்டாராம்.

செய்தி ஊருக்குள் பரவியது. இந்த வருட விழா நெருங்க, பேசவிருந்த ஒவ்வொருவரும் அவரைத் தனியாகக் கண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எத்தனை நிமிடம் பேசினால் நட்சத்திரம்? உதயகலா பொய் சொல்லத் தெரியாதவர். எல்லோரும் பேசி முடிந்த பிறகுதான் தெரியும் என்றார். அதனால் எல்லோரும் பாதுகாப்புக்காக முடிந்த அளவு நீட்டினார்கள். வரவேற்புரை பதினாறு நிமிடம். நான் இருபத்திரண்டு, வெட்கத்தோடு சொல்கிறேன். தலைவர் மற்றவர்களின் கணக்கைப் பார்த்துப் பேசவேண்டும் என்று தலைமையுரையை நன்றியுரைக்குப் பின்னால் போட்டிருந்தார்.

ஏரம்பு அண்ணையை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பத்து ஐம்பதுக்கு மேடையில் ஏறி வெங்காயத்தை நட்டார். பதினொன்று இருபதுக்குக் களை எடுத்தார். பன்னிரண்டு அடிக்கும்போது கிண்டி எடுத்தார். காயவைத்து, பிடி கட்டி, இறங்கியபோது பன்னிரண்டு பதினொன்று. எண்பத்தொரு நிமிடம். இறங்கி வருகையில் உதயகலாவைப் பார்த்து, “எனக்கு இருக்குத்தானே?” என்று கண்ணால் கேட்டார்.

நிரோஜாவும் விட்டுக்கொடுக்கவில்லை. பதினெட்டு நிமிடம் நன்றி சொன்னார். வந்தவர்கள், வராதவர்கள், தண்ணீர் தந்த கிணறு, மின்சாரம் தந்த தூண் வரை யாரும் மிஞ்சவில்லை.

இரண்டரை மணிக்குத் தலைவர் எழுந்தார். மேடைக்குப் போகாமல் நேரே உதயகலாவின் மேசைக்கு வந்தார்.

“பிள்ளை, எண்பத்தொண்டை வெல்ல எவ்வளவு வேணும்?”

“எண்பத்திரண்டு ஐயா.”

தலைவர் மண்டபத்தைப் பார்த்தார். பத்தொன்பது பேர் இருந்தார்கள். அதில் ஏழு பேர் நித்திரை. ஓரத்தில் சலங்கை கட்டிய எட்டுப் பிள்ளைகள் இந்த முறையும் நின்றார்கள். சாப்பாட்டுப் பார்சல்கள் ஆறிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுற்றுவதற்குக் கையைத் தயாராக வைத்திருந்தார். தலைவர் குனிந்து உதயகலா வரைந்து வைத்திருந்த தாளைப் பார்த்தார். பெட்டி, மீசை, வலக்கோடியில் ஏரம்பு அண்ணையின் நட்சத்திரம்.

“உந்தப் பக்கம் மட்டும்தானோ நட்சத்திரம் குடுக்கிறது? மற்றப் பக்கத்தாலை இல்லையோ?”

உதயகலாவின் பேனை நின்றது. பதினைந்து வருட உத்தியோகத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை, மேலதிகாரிகள்கூடக் கேட்டதில்லை. அவசரமாகக் கணக்குப் பார்த்தார்.

“ஏழு நிமிசத்துக்குள்ளை முடிச்சால் இந்தப் பக்கத்திலை ஒண்டு விழும் ஐயா.”

“அங்கை வேறை ஆரும் நிக்கினமோ?”

“ஒருத்தரும் இல்லை.”

தலைவர் மீசையை ஒருமுறை சீவினார். மேடைக்குப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். சொல்லவேண்டியதை எல்லாரும் சொல்லிப்போட்டினம். பிள்ளையள் ஆடட்டும். சாப்பாடு ஆறுது.”

ஒரு நிமிடம்கூட இல்லை. கை தட்டின சத்தத்தில் நித்திரையில் இருந்த ஏழு பேரும் எழும்பி அவர்களும் தட்டினார்கள். உதயகலா இடக்கோடியில் நட்சத்திரத்தைக் கீறிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். தனக்குக் கண் கலங்கவில்லை, மயில் தோகையின் தூசு என்று பிறகு என்னிடம் சொன்னார். பிள்ளைகள் அப்போதுதான் மயில் நடனம் தொடங்கியிருந்தார்கள்.

இரண்டு நட்சத்திரத்தில் எது பெரிது என்று தலைவரும் ஏரம்பு அண்ணையும் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தார்கள். நட்சத்திரம் பரிசு இல்லை, கவனிக்கச் சொல்கிற அடையாளம் மட்டும்தான் என்று உதயகலா இருவர் வீட்டுக்கும் போய் விளங்கப்படுத்தினார். இருவரும் ஓமோம் என்றார்கள். இருவர் வீட்டு முன்விறாந்தையிலும் அந்தத் தாளின் பிரதி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

போன மாதம் கரவெட்டியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்குள்ள சனசமூக நிலையம் ஒன்றின் செயலாளர், வினோஜா என்று பெயர்.

“அக்கா, உங்கடை நட்சத்திரப் பேச்சுப் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டம். எங்கடை விழாவுக்கும் வந்து நடுவரா இருப்பியளோ?”

“போட்டி இல்லைப் பிள்ளை” என்று தொடங்கிய உதயகலா, பழக்கதோஷத்தில், “எத்தினை பேர் கதைக்கினம்?” என்று கேட்டார்.

“இருபத்தொன்பது பேர் அக்கா. மாசி பதினைஞ்சு.”

“ஐயோ, அண்டைக்கு எங்களுக்கு ஒரு கலியாணவீடு இருக்குப் பிள்ளை” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். பிறகு படலைக்குப் போய்க்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டார். “இஞ்சேருங்கோ, மாசி பதினைஞ்சிலை ஆற்றையும் கலியாணம் ஒண்டு இருந்தால் தேடிப் பிடியுங்கோ.”

சுபாஸ்கரன் சந்திக்குப் போய், மூன்று மணித்தியாலம் கழித்து, அரியாலையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையையும் தெரியாது, பொம்பிளையையும் தெரியாது. பாயாசம் நன்றாக இருந்ததாம்.