வாசிக்காமல் விட்ட செய்தி

என் இளைய மகன், பெரிய பட்டத்தைக் காற்றில் விட்டு, காலில் பலகை மாட்டி, கடல்மேல் வழுக்கிப் போகிறவன். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிவேன்.

"நம்ம கம்மாயில கால் நனையத் தண்ணி இல்ல, ஒங்க மகனுக்குக் கடலு கேக்குதாக்கா?" என்று சிரிப்பாள் எதிர்வீட்டு நூர்ஜகான்.

போன வருடம் ஆளில்லாத தீவு ஒன்றுக்குத் தனியாகப் போனான். படகேறும்போது செல்லில் செய்தி அனுப்பினான். எப்போதும் பேசித்தான் அனுப்புவான். அன்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். பஸ் போர்டையே எழுத்துக்கூட்டி வாசிக்கிற எனக்கு அது பிடிபடவில்லை.

"தம்பி என்னக்கா எழுதியிருக்கு?" என்றாள் நூர்ஜகான். படித்தவள், நீட்டியிருந்தால் வாசித்திருப்பாள்.

"சொகமா இருக்கானாம்டி" என்று செல்லை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, சொன்னபடி கூட்டிவரப் போன படகுக்காரர்தான் அவனைப் பார்த்தார். கால் ஒடிந்து, காலித் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தானாம்.

துக்கத்துக்கு வந்த அவன் கூட்டாளி என் செல்லை வாங்கி வாசித்தான். "மேட்டுல ஏறுனா டவர் கிடைக்கும்மா. வெள்ளிக்கிழமை பேசுவேன். பேசலைன்னா இந்த நம்பர்ல படகுக்காரருக்கு ஒடனே போன் போடு."

வாசிக்கத் தெரியாது என்ற ஒரு சொல், நூர்ஜகான் கேட்ட அன்று என் வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எத்தனை நாள் அவன் உயிரோடு கிடந்தான் என்பது, உடலை அறுத்துப் பார்த்த டாக்டரிடம் பேசிவிட்டு வந்த அந்தக் கூட்டாளிக்குத் தெரியும். நான் இன்னும் கேட்கவில்லை.