வேளாங்கண்ணி வழியில் ஒற்றைக் கொலுசு

அந்த வருடம் எதற்காக வேளாங்கண்ணிக்கு நடந்தாய் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது. என் கணவர் நிலக்கரி மைன்ஸிலிருந்து ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. அதன்பின் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவருடைய ஊர் நாகர்கோவில் பக்கம், என்னுடையது திண்டிவனம் பக்கம். இருபத்தெட்டு வருடமாக இரண்டிலும் நாங்கள் வாழ்ந்ததில்லை. எந்த ஊருக்குப் போவது என்று வீட்டில் பேச்சு தொடங்கும், முடியாமலே சாப்பாட்டுக்கு உட்காருவோம். அந்தச் சமயத்தில் கோயிலில் நடைப்பயணத்துக்குப் பெயர் எழுதினார்கள். நானும் எழுதிவிட்டேன். வேண்டுதல் என்று ஒன்று இல்லை.

காவிச் சேலை கட்டி, மாதா சப்பரத்தின் பின்னால் காலையில் கிளம்பினோம். வடலூர் தாண்டுவதற்குள் ஒரு பெண் என்னோடு ஒட்டிக்கொண்டாள். மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வெறுங்காலோடு நடந்தாள்.

"உங்க ஊர்லேர்ந்தே ஒரு குழு போவுமே, அத வுட்டுட்டு இங்க வந்து சேர்ந்திருக்கியே?" என்று கேட்டேன்.

"என் தங்கச்சி இங்க டவுன்ஷிப்லதான் இருக்கா. வருஷா வருஷம் இந்தக் குழுவுலதான் நடப்பா. வழியில பாத்துப் பேசலாம்னு வந்தேன். இந்த வருஷம் அவ வரலியாம். பேர் குடுத்தாச்சே, சரின்னு நடந்துகினு இருக்கேன்."

புவனகிரிச் சாலையில் மீதியையும் சொன்னாள். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்பதில் அக்கா தங்கை இருவருக்கும் சண்டை. அம்மா போய் நான்கு வருடமாகியும் பேச்சில்லை. சின்ன வயதில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஜோடி வெள்ளிக் கொலுசுதான் இருந்தது. அப்பா ஆளுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டாராம். அவளுடைய கொலுசை ஒரு கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். மணிகள் பாதிதான் இருந்தன.

"தங்கச்சிகிட்ட குடுக்கவா கொண்டாந்த?"

"தெரியலக்கா. கெளம்பும்போது எடுத்துக்கினேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. என்னைப் போலவே ஒருத்தி. அதன்பிறகு சாலையோரம் யார் எதைக் கொடுத்தாலும் பங்கு போட்டுத் தின்றோம். சீர்காழியில் ஒரு மண்டபத்தில் ஒரே பாயில் படுத்தோம். குவார்ட்டர்ஸில் இத்தனை வருடம் பக்கத்து வீட்டாரிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவள் பாதம் இரண்டும் கொப்புளித்துவிட்டன. என் ரப்பர் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் போட்டேன்.

"வேணாங்க்கா. வெறுங்காலோட வரேன்னு மாதாகிட்ட சொல்லிட்டேன்."

"மாதா ஒண்ணும் கோச்சிக்காது. போடு."

போட்டுக்கொண்டாள். நான் தார்ச்சாலையின் ஓரமாக, மண்ணில் கால்வைத்து நடந்தேன்.

நான்காம் நாள் தரங்கம்பாடி வருவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. எங்கள் மூட்டை முடிச்சுகளை ஏற்றி வந்த வேனில் அவளை உட்காரவைத்து, காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். அவள் கணவர் நேரே அங்கே வந்துவிடுவதாகப் போனில் சொல்லிவிட்டார். வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியே கையை நீட்டி, அந்தக் கைக்குட்டை முடிச்சை என் உள்ளங்கையில் அழுத்தினாள். ஏதோ சொன்னாள். சப்பரத்து ஒலிபெருக்கியில் பாட்டு. பின்னாலேயே ஒரு லாரி ஹாரன். "மாதா" என்று காதில் விழுந்தது. கடைசியில் "வச்சிடுங்க" என்று விழுந்ததாகத்தான் நினைத்தேன். மாதா கோயிலில் வைத்துவிடச் சொல்கிறாள், அவளால் வர முடியாத இடத்துக்கு அவள் பொருளாவது போகட்டும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தலையாட்டினேன்.

வேளாங்கண்ணியில் வரிசையில் நின்று, கொலுசைக் காணிக்கைப் பெட்டிக்குள் போட்டேன். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திடுக்கென்றது. வச்சிடுங்க என்றாளா, வச்சிக்குங்க என்றாளா? 'மாதா பேரச் சொல்லி நீங்களே வச்சிக்குங்க' என்று சொல்லியிருந்தால்? பெட்டி பூட்டியிருந்தது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தேன்.

உடம்பு தேறிவிட்டது என்று அவள் போன் செய்தபோது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் கொலுசைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. மேல்தட்டில் மாதா சுரூபம், பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள். கீழ்த்தட்டில், தேய்த்துக் கழுவிய என் ரப்பர் செருப்பு. எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"செருப்பப் போயி இங்க வச்சிருக்க?"

"நீங்க குடுத்தது இல்ல? வூட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்." பிறகு, தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி கேட்டாள்: "அந்தக் கொலுசு இருக்குதாங்க்கா?"

நின்றபடியே சொன்னேன். கோயிலில் போட்டதை, காதில் சரியாக விழாததை, இத்தனை நாள் கேட்கப் பயந்ததை. அவள் முகம் ஒரு கணம் வெறுமையாகிப் போனது. சமையலறைக்குள் போய்விட்டாள். கிளம்பிப் போய்விடலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ என்னதான் சொன்ன? வைக்கச் சொன்னியா, வச்சிக்கச் சொன்னியா?"

"எனக்கே நெனப்பு இல்லக்கா. காய்ச்சல்ல இருந்தேன். தங்கச்சிகிட்ட குடுத்துடுங்கன்னு சொல்ல வந்தேனோ என்னவோ." பிறகு, "சாப்புட்டுத்தான் போவணும்" என்றாள்.

மீன்குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டேன். மன்னித்தாளா என்று கேட்கவில்லை. மன்னிக்க அதில் ஏதும் இருந்ததா என்பதும் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் அவளிடமிருந்து போன் இல்லை. ஒரு நாள் காலையில் அவளே எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். "தங்கச்சி வூட்டுக்குப் போறேன். தனியா போவ ஒரு மாதிரியா இருக்குது. வரீங்களா?"

ஆட்டோவில் போனோம். நான் உள்ளே போகவில்லை. தெருவில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். கதவு திறந்தது, அவள் உள்ளே போனாள். அரை மணி நேரம் உள்ளேயிருந்து அழுகையும் கேட்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்தேன். எதுவும் புரியவில்லை.

"என்னாச்சு?"

"காப்பி குடுத்தா" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சர்க்கர கம்மியா போட்டிருந்தா. நான் சர்க்கர குறைச்சிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்க்கா?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தோம்.