கைப்பிடியில் துணி இல்லாத சட்டி

எங்கள் அக்காவுக்கு ஓட்டலில் பூக்காரி என்று பெயர். அவள் தொட்ட பூ காலிஃப்ளவர் ஒன்றுதான். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் மேசை நடுவில் வைத்து அறுத்துப் பரிமாற ஏதாவது வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, முழுப் பூவையும் உடைக்காமல் சமைத்துக் காட்டியவள் அவள். பெயரை வைத்து ஆளை மென்மையானவள் என்று நினைத்துவிட வேண்டாம். கரண்டியால் அவளிடம் அடி வாங்காதவர் அந்தச் சமையலறையில் யாருமில்லை.

அடிக்கக் கற்றுக்கொடுத்தது அவள் புருஷன். பதினோரு வருஷம் விடாமல் கற்றுக்கொடுத்தான். முன்பல் ஒன்று போயிற்று, இடது காது போயிற்று, வயிற்றில் இருந்த ஒன்றும் போயிற்று. கடைசியில் லாரியில் அடிபட்டுச் செத்தான். எனக்கு அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டலுக்கு வந்து, வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதித்தான் வளர்ந்தாள்.

அந்தச் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. ஓவனிலிருந்து எடுத்த இரும்புச் சட்டியின் கைப்பிடியில் ஒரு துணியைப் போட்டுவிட வேண்டும். துணி கிடந்தால் கொதிக்கிறது, கிட்டே வராதே என்று அர்த்தம். துணி இல்லையென்றால் ஆறிவிட்டது, வெறுங்கையால் தூக்கலாம். ஒருமுறை துணி போட மறந்த ஆளை அக்கா அடித்த அடியில் அவன் நெற்றியில் நாலு தையல். மூட்டை மேலிருந்து மகள் அதையும் பார்த்தாள்.

அவளுக்கு இருபத்தாறு வயதானபோது, தானே பார்த்து முடிவு செய்தவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையில் இருந்த ஓட்டலுக்கே மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. நல்ல வேலை, நல்ல சட்டை, வாய் நிறைய அத்தை அத்தை. மகளின் கன்னத்தில் மட்டும் பவுடருக்கு அடியில் ஒரு நீலம் தெரிந்தது. பஸ்ஸில் கம்பி இடித்ததாம்.

அவன் இறைச்சி தொடமாட்டான் என்பதால் அக்கா காலையிலேயே பூவோடு மல்லுக்கு நின்றாள். இலைகளைப் பிய்த்து எறிந்தாள். பூ நிமிர்ந்து உட்காரும்படி தண்டை ஒரே வெட்டில் தட்டையாக்கினாள். உப்பு போட்ட வெந்நீரில் தலைகீழாக அமுக்கிப் பிடித்தாள். இரண்டு புழு துடித்துக்கொண்டு மேலே வந்தன. பாதி வெந்ததும் எடுத்துக் கவிழ்த்து நீரை வடித்தாள். முந்திரியும் வதக்கிய வெங்காயமும் மிளகும் அரைத்து, பாலாடை சேர்த்து, பூவைப் புரட்டிப் போட்டுக் காம்புகளின் இடுக்கில் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தித் திணித்தாள். மீதியை மேலே பூசி ஓவனில் தள்ளினாள். பொன்னிறமாகி அங்கங்கே கருகி வந்தபோது, சொந்த அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அப்படி ஓர் அழகு.

சட்டியை எடுத்து வழக்கப்படி துணி போட்டுவிட்டு அக்காவும் நானும் சமையலறைக் கதவருகே வந்தோம். மேசையில் அவன் தண்ணீர் ஜக்கை எடுக்கக் கையை நீட்டினான். அவ்வளவுதான். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளைக் குறுக்கினாள். ஒரு நொடி. பிறகு சிரித்துக்கொண்டே தட்டை நகர்த்தினாள்.

அக்காவின் முகம் செத்தவள் முகம்போல ஆனது. புருஷன் கையைத் தூக்கும்போது எத்தனை முறை அக்காவே அப்படிக் குறுகியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். துணியோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் பலகை மேல் வைத்தாள். பிறகு கைப்பிடியிலிருந்த துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவன் கை வேகட்டும் என்று நானும் நினைத்தேன்.

"நீங்களே பக்கத்துல இழுத்துக்கங்க, மாப்பிள்ளை."

அவன் கையை எடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். அவன் ஒரு வேலையும் செய்யக்கூடாது, செய்தால் அப்புறம் வீட்டுக்குப் போகும் வழியில் அதற்கும் சேர்த்து அவளுக்கு அடி கிடைக்கும். துணி இல்லாததைப் பார்த்தாள். அம்மா வைத்த சட்டியாயிற்றே. முழுக்கையால் இறுகப் பிடித்தாள்.

சர்ரென்று சத்தம் கேட்டது. சட்டி கவிழ்ந்து மசாலா அவன் சட்டையெல்லாம் சிதறியது. அவள் கத்தக்கூட இல்லை. அவன் எழுந்து, எங்கள் கண் முன்னால், அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"கண்ணு அவிஞ்சா போச்சு?"

அக்கா பரிமாறும் கரண்டியால் அவன் வாயில் அடித்தாள். மறுபடி அடித்தாள். பல் உடைந்து ரத்தம் பூவின் மேல் சொட்டியது. மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது மகள் குறுக்கே விழுந்தாள். "விடும்மா. தப்பு என்னோடது." தோல் உரிந்த கையால் அவன் சட்டையைத் துடைக்கப் பார்த்தாள்.

வேறு வண்டி கிடைக்காமல் அவன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு ஓட்டினான். எங்களை இறக்கிவிட்டு, வாசலில் நின்று ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

டாக்டர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "எப்படிம்மா ஆச்சு?"

"கவனிக்காம தொட்டுட்டேன் டாக்டர். நான் எப்பவுமே இப்படித்தான்." பஸ் கம்பி இடித்ததைச் சொன்ன அதே குரல். சின்ன வயதில் அம்மா மாடிப்படியில் விழுந்தாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னதும் அதே குரல்தான்.

அக்காவுக்கு அது கேட்டது. நல்ல காதுப் பக்கம்தான் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"பொய் சொல்றா டாக்டர். நான்தான் சுட்டேன். அவனுக்கு வெச்சேன், இவ பிடிச்சிட்டா."

"அம்மா, சும்மா இரு."

"இருக்க மாட்டேன். உன்னை நோகடிச்சவங்கள்ல யாராவது ஒருத்தர் வாயால ஒத்துக்கணும்ல."

நர்ஸ் பஞ்சால் துடைக்க ஆரம்பித்தாள். மகள் அப்போதுதான் முதல்முறையாகக் கத்தினாள். அம்மாவின் புடவையைப் பல்லால் கடித்துக்கொண்டு கட்டுப் போட்டு முடியும்வரை கத்தினாள். வெளியே ஹாரன் நிற்கவில்லை. மூச்சு வாங்க, அம்மாவைப் பார்க்காமல், என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, அவரைக் கிளம்பச் சொல்லிடுங்க. நான் வரலை."