நாலாக மடித்த ஃப்ளூ

வீட்டில் பெண்ணுக்கு ஃப்ளூ ஜுரம். இன்று காலை மாட்டுங்காவில் லோக்கல் ரயில் ஏறினால், எனக்கு முன்னால் ஒருவர் நாலாக மடித்துப் படித்த பேப்பரில் பம்பாய் ஃப்ளூவைப் பற்றி ஒரு கிராஃப். கோடு கிடுகிடுவென்று மேலே ஏறி, மடிப்பில் போய் முட்டி நின்றது.

கூடவந்த ஆபீஸ் சிநேகிதரிடம் அதைக் காட்டினேன்.

"குழந்தைகளை இன்றைக்கே ஊருக்கு அனுப்பிடும் ஓய்!" என்றார் அவர். இறங்கியதும் மாமனாருக்குத் தந்தி அடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

பைகுல்லாவில் அந்த மனுஷன் பேப்பரைத் திருப்பினார். மறுபாதியில் அதே கோடு சறுக்குமரமாய் இறங்கியிருந்தது. ஃப்ளூ போன வாரமே தணிய ஆரம்பித்துவிட்டதாம்!

அப்பாடா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பெண்ணும் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்கிறாள்.

லோக்கலில் பேப்பர் படிக்கும் புண்ணியவான்களே, கிராஃப் வந்தால் மட்டும் முழுசாய்ப் பிரித்துப் பிடியுங்கள். பின்னால் நின்று ஓசியில் படிக்கிறவனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே?