ஓய்வில் வறண்ட குளிர்பொறி

அருமனையில் எங்கள் அத்தான் வைத்திருந்த அமெரிக்க மகிழுந்தைப் பற்றி உறவினர் பேசுங்கால், அதன் நீளத்தையும் பளபளப்பையுமே பேசி முடிக்கின்றனர். அது யாருடைய மூச்சுக்காக வாங்கப்பட்டது, அதன் குளிர் எவ்வாறு வற்றியது என்பவற்றை உடனிருந்து கண்டவருள் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. எழுதும் கை விரைவில் சோர்கிறது. எனினும் எழுதாமல் விடின் என் அக்கா அக்கதையிலிருந்து அறவே நீங்கிவிடுவாள் என்பதால் இதனைப் பதிந்து வைக்கிறேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இருந்த காலம் அது. நான் அருமனைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து, அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தேன். அவளுக்கு இழுப்பு நோய். செம்மண் சாலையின் புழுதி சிறிது நெஞ்சில் இறங்கினாலும், இரவு முழுவதும் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே கழிப்பாள். திருவனந்தபுரத்து மருத்துவரிடம் மாதந்தோறும் செல்லவேண்டியிருந்தது. தாயகம் திரும்பிய தோட்டத்துரை ஒருவரிடமிருந்து அத்தான் அவ்வண்டியை வாங்கியது அதற்காகத்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, புழுதி படாமல், உள்ளே குளிர்ந்த காற்றோடு செல்லலாம். பின்னிருக்கையின் இரு மருங்கிலும் ஒளி ஊடுருவும் குழாய்கள் கூரைக்கு ஏறி, அங்கிருந்து குளிரைப் பொழிந்தன. முதல் பயணத்தில் அக்கா அக்குழாயில் கன்னத்தை வைத்துக்கொண்டே களியக்காவிளை வரை வந்தாள்.

திரும்பி வந்ததும் அவள் கேட்டது ஒன்றே: “ஞாயிறாச்ச நம்ம வேதக்கோயிலுக்கும் இதில போலாமா?” நோய் முற்றியபின் இரண்டாண்டாக அவள் தேவாலய ஆராதனைக்குச் சென்றதில்லை.

அத்தான் ஒப்பவில்லை. குளிர்பொறிக்குள் சுழலும் வளியை ஊரார் ‘கியாஸ்’ என்பர். அது தீர்ந்தால் கொச்சித் துறைமுகத்திலிருந்துதான் வரவேண்டும். அத்தான் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் பால்வெட்டினால் மறுநாள் மரத்திற்கு ஓய்வு, ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டுவிடும் என்பதே அவர் அறிந்த வேளாண்மை. “மரத்துக்கே ஓய்வு குடுக்கோம். இதுக்கும் குடுத்தாத்தான் ஏட்டி நெறைய நாள் கெடக்கும். ஆஸ்பத்திரிக்குப் போவும்போ மட்டும் போட்டா மதி, அது போதும்” என்றார். பொறியைச் சுழற்றும் வார்ப்பட்டையை ஓட்டுநர் கழற்றி, முகப்பூச்சு மாவு தூவி, துணியில் சுற்றி அலமாரியில் வைப்பார். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் மட்டும் அது வெளியே வரும். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையும் ஐப்பசியின் துலா மழையும் பெய்த மாதங்களில் சாலையில் புழுதி இல்லை. ஆகவே பட்டையும் வெளிவரவில்லை. அக்காவைப் பார்க்க மருத்துவரே ஓரிருமுறை வந்து சென்றார். ஈரமும் நெஞ்சுக்கு ஆகாது என்று அத்தான் அவளை வெளியே விடவில்லை. ஞாயிறு வரும்போதெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, அவள் சாளரத்தருகே அமர்ந்து மழையைப் பார்த்திருந்தாள்.

மழை ஓய்ந்து புழுதி எழுந்த முதல் பயணத்தில் குழாய்களிலிருந்து வெறும் வெப்பக்காற்றே வந்தது. அடைத்த வண்டிக்குள் மூச்சு முட்டியது; கண்ணாடியை இறக்கினோம்; புழுதி புகுந்தது. குழித்துறை தாண்டுமுன் அக்காவின் உதடுகள் நீலம் பாரித்தன. ஈரத்துணியால் முகத்தை மூடி அவளை வீட்டிற்குத் திருப்பிக் கொண்டுவந்தோம். அத்தான் அன்று உணவு கொள்ளவில்லை.

கொச்சியிலிருந்து பொறிவினைஞர் ஒருவர் கியாஸ் அடைத்த இரும்பு உருளையுடன் வந்தார். சிறு சாராய விளக்கை ஏற்றிப் பொறியின் மூட்டுகளினூடே மெல்ல நகர்த்தினார். சுழலும் தண்டின் அருகே நீலச்சுடர் பச்சையாயிற்று; அங்கே கியாஸ் கசிகிறது என்பதன் அடையாளம் அது.

“சாரே, இது ஓடாதெ கெடந்தா எண்ணெய் கீழே எறங்கிப்போவும். வாஷர் உணங்கி வறண்டுபோவும். அதுவழி கியாஸ் போவும். மழையானாலும் வாரம் ஒருக்க ஓட்டணும்.”

“ஓய்வு குடுத்ததா தப்பு?” என்றார் அத்தான், நம்பாதவராய்.

“மரமில்லையே சாரே.”

வாஷரை மாற்றி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சி அகற்றியபின், உருளையை நிறுத்திவைக்க ஓர் அண்டா வெந்நீர் கேட்டார். “குளிருக்குச் சுடுவெள்ளமா? நல்ல கூத்து” என்று ஓட்டுநர் சிரித்தார். வெதுவெதுப்பில் வளி விரைந்து பொறிக்குள் ஏறியது. சிறு கண்ணாடித் துளையில் ஓடிய குமிழிகள் அடங்கியதும் வினைஞர் திருகினை மூடினார்.

“இனி வாரம் தவறாம ஓட்டிருவோம்” என்று அத்தான் அவருக்கு உறுதி கூறினார்.

கதவருகே நின்றிருந்த அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள். குரலில் சினமில்லை, களைப்பே இருந்தது. “இரும்புக்கு வாரம் ஒருக்க வெளிய போணும்னு கொச்சியில இருந்து ஒரு ஆளு வந்து சொன்ன உடனே தலையாட்டுதியளே. நான் உள்ள இருந்து எத்தன தடவ சொன்னேன், கேட்டியளா? எனக்கும் எண்ணெய் எறங்கித்தான் கெடக்கு.”

அத்தான் அண்டாவிலிருந்த உருளையைத் தாமே தூக்கி வெளியே வைத்தார். பின்னர், “ஞாயிறாச்ச காலத்த ரெடியா இரு” என்றார்.

அன்று தொடங்கி ஞாயிறுதோறும் அவர்கள் வேதக்கோயிலுக்குச் சென்றனர். கொட்டும் மழையிலும் குளிரை ஓடவிட்டு, நடுங்கிக்கொண்டே சென்றனர். நம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்த பருவத்தில், வேறொரு மூட்டு விரிந்து வளி மீண்டும் போயிற்று. கொச்சிக்கு எழுதினோம், கியாஸ் கிட்டவில்லை என்றே மறுமொழி வந்தது. அத்தான் தயங்கினார். அக்கா ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, அவருக்கு முன்பே வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டாள். சில வாரங்கள் இழுப்போடுதான் திரும்பினாள். ஆயினும் அதன்பின் அவளை வீட்டில் இருக்கச் சொல்ல அத்தானுக்கு நா எழவில்லை.

இன்று என் பெயரன் ஓட்டும் வண்டியில் குளிர் தானே வருகிறது. எனக்கோ அது எலும்பில் குத்துகிறது. பொறியின் உறுப்புகளைப் பற்றியும், நிகழ்ந்தவற்றின் முன்பின் பற்றியும் என் நினைவு பிழைபட்டிருக்கலாம். அவ்வண்டியைக் கண்டவரோ, அத்தொழில் அறிந்தவரோ இதனைப் படிப்பின் அருள்கூர்ந்து திருத்துக. கதவருகே நின்று அக்கா சொன்னவற்றில் மட்டும் எனக்கு ஐயம் இல்லை.