தறிச் சத்தத்தில் தெரியாமல் போனது

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் விசைத்தறி ஓட்டுகிற வீடுகளில் சளியை யாரும் நோயில் சேர்ப்பதில்லை. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியில் நின்றால் மூக்கு ஒழுகாமல் என்ன செய்யும்? என் வீட்டுக்காரருக்கு மூன்று வாரமாக மூக்கடைப்பு, மஞ்சள் சளி, நெற்றி வலி. நானும் சளைக்காமல் சுக்கை உரைத்து நெற்றியில் பத்துப் போட்டேன். பழைய பத்து காய்ந்தால் அதன்மேலேயே அடுத்தது. தொட்டபோது ஒரு பக்கம் மெத்தென்று இருந்தது. பத்துதான் தடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் போகலாமா என்று அவர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"சளிக்கெல்லாம் டாக்டரா மாமா? இன்னா, கலெக்டர் வூட்டுப் புள்ளயா நீ?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

மறுநாளிலிருந்து அவர் பேசவில்லை. கோபம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு மட்டும் கோபம் வராதா? நானும் வாயை மூடிக்கொண்டேன். கொட்டகையில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு நான்கு தறி. அந்த இரைச்சலில் யாருக்கும் பேச்சு கிடையாது, எல்லாம் கைஜாடைதான். இரண்டு விரலைத் தேய்த்தால் நூல் அறுந்துவிட்டது. கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பிட வா. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் இரு, இதோ முடித்துவிட்டு வருகிறேன். இரண்டு நாளும் அவருடைய ஜாடை எல்லாம் சரியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போனது. தறிகள் நின்று கொட்டகை அமைதியானது. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "த... த..." என்பதற்குமேல் வரவில்லை. ஓடிப்போய்த் தொட்டேன், உடம்பு அனலாகக் கொதித்தது. மனுஷனுக்குக் கோபமில்லை, பேச்சே வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

வாடகைக் காரில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா ஈரப் பஞ்சால் பத்தைத் துடைத்தெடுத்தார். அடியில் நெற்றி பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. மூக்கை ஒட்டி நெற்றி எலும்புக்குள் இருக்கும் அறையில் சீழ் கட்டி, எலும்பை அரித்து, மூளைப் பக்கம் போய்விட்டதாம். உடனே ஆபரேஷன் என்றார். "முந்தே ராவாலி கதம்மா" என்றார், முன்னாடியே வந்திருக்கலாமே என்று. அதையும் என் தோளில் கைவைத்துத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சீழை எடுத்த நான்காம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். தலை முழுக்கக் கட்டு. கண் திறந்திருந்தது, ஆனால் எங்கோ பார்த்தது. நர்ஸ் தமிழிலும் தெலுங்கிலும் கூப்பிட்டுப் பார்த்தாள், அசைவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறதா என்றே தெரியவில்லை என்றாள். கட்டில் காலடியில் நின்றபடி, என்னை அறியாமல், கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனேன்.

அவர் கண் என் கைக்கு வந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு போர்வைக்குமேல் கிடந்த கை மெல்ல எழுந்து உள்ளங்கையை விரித்துக் காட்டியது.

"வா மாமா, மெதுவாவே வா. நா இங்கதான் கீறேன்" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.